அன்றைக்கு வெளியே போயிருந்த அப்பாக்களுக்கு

ஓமலூர், மேச்சேரி, தாரமங்கலம், எடப்பாடி, கொங்கணாபுரம், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து ஊர்களில் அறுபதும் எழுபதும் தாண்டி இருக்கும் பெரியப்பாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும் வணக்கம்.

1980களிலோ 90களிலோ உங்கள் வீட்டில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஒரு பெண் பிறந்து, சில நாளில் இல்லாமல் போயிருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். அப்படி எதுவும் நடக்காத வீட்டுக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பக்கத்து வீட்டில் நடந்தது உங்களுக்கும் தெரியும் என்பதால், மேலே படித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

நான் போலீஸ் இல்லை. கணக்கெடுக்க வந்தவளும் இல்லை. யார் வீடு, எந்தத் தெரு என்று கேட்கப் போவதில்லை. என்ன சாதி என்றும் கேட்கவில்லை. "அது அவங்க வழக்கம்" என்று அடுத்த சாதியின் பக்கம் கை காட்டிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துபோவதை நம் ஊர்ப் பேச்சில் நிறையப் பார்த்தாகிவிட்டது.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இதைப் பற்றி உங்களிடம் யாரும் கேட்டதே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் பெண்களிடம்தான் கேட்டார்கள். சுகாதாரச் செவிலியர் பெற்றவளைக் கேட்டார். மாதர் சங்கத்துக்காரர்கள் மாமியாரைக் கேட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் மருத்துவச்சியைத் தேடிப் போனார்கள். வழக்கென்று வந்த இடத்தில் கைதானவர்கள் பெரும்பாலும் பெற்றவளும் மாமியாரும்தான். வாசலில் ஜீப் நின்றபோது நீங்கள் காட்டுக்குப் போயிருந்தீர்கள், லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தீர்கள், தறிக்கொட்டாயில் இருந்தீர்கள். நடந்த அன்றைக்கும் அப்படித்தான் வெளியே போயிருந்தீர்கள்.

"எனக்கு என்ன தெரியும், பொம்பளைங்க பாத்துக்கிட்டாங்க." இந்த வாக்கியத்தைச் சொல்லாத ஆள் உங்களில் எத்தனை பேர்?

அந்தக் காலத்தைப் பற்றிய சில விவரங்களை இங்கே வைத்துவிடுகிறேன். 1986-ல் உசிலம்பட்டிப் பக்கத்துச் சாவுகளைப் பற்றி 'இந்தியா டுடே' எழுதியபோது, அது மதுரைப் பக்கத்துச் சங்கதி என்று நாமெல்லாம் நிம்மதியாக இருந்தோம். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் இல்லை. 1997 ஜனவரி 1-ல்தான் பிரிந்தது. ஒன்றாக இருந்த சேலம் மாவட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர். 1992-ல் முதலமைச்சர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் கொண்டுவந்தது நம் சேலத்துக்குத்தான். வேண்டாத பெண்ணைக் கொல்ல வேண்டாம், இங்கே போட்டுவிட்டுப் போங்கள், கேள்வி கேட்க மாட்டோம் என்று ஒரு மாநில அரசே கெஞ்சிக் கேட்ட முதல் ஊர் நம்முடையது. அதற்கு ஒன்பது வருடம் கழித்தும், 2001 கணக்கில், சேலத்தின் எண் 851. அந்த வருடம் தமிழ்நாட்டுக்கு 942. 2011-ல்தான் சேலம் ஒருவழியாக 900-ஐத் தாண்டியது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில், பச்சைக் குழந்தை செத்தால் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். குறைப்பிரசவம், மூச்சுத்திணறல், வயிற்றுப்போக்கு என்று எழுதுவார்கள். நடந்தது தெரிந்தும் நேராக எழுத முடியாத இடங்களில் "சமூகக் காரணங்கள்" என்று எழுதினார்கள். 1990களின் நடுவில் ஆய்வாளர்கள் மாநிலம் முழுக்க அந்தப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தபோது, வருடத்துக்குச் சுமார் 3,000 பெண் குழந்தைகள் அந்தக் கட்டத்துக்குள் அடங்கியிருந்தார்கள். அதில் சேலமும் தர்மபுரியும் மதுரையும்தான் முன்னே நின்றன. அந்தப் பதிவேட்டை எழுதியது பெண். தகவல் சொன்னது பெண். தகப்பன் என்ன சொன்னான், எங்கே இருந்தான் என்று எழுத அதில் இடமே கிடையாது.

வறுமைதான் காரணம் என்று உங்களில் பலர் சொல்வீர்கள். பாதிதான் உண்மை. கிணறு வற்றிக் குச்சிக்கிழங்கும் காய்ந்து, தறிக்காரரிடம் வாங்கிய முன்பணத்தை அடைக்க முடியாமல் தவித்த வீடுகளிலும் நடந்தது. லாரி வாங்கிய வீட்டிலும் ரிக் வண்டி வைத்திருந்த வீட்டிலும் கோழிப்பண்ணை போட்ட வீட்டிலும் நடந்தது. கையில் காசு புரளத் தொடங்கிய பிறகுதான் சீர் ஏறியது. பத்துப் பவுன் முப்பதானது, முப்பது ஐம்பதானது, கூட ஒரு வண்டி சேர்ந்தது. காடு ரெண்டாகப் பிரியக் கூடாது என்ற கணக்கு ஒரு பக்கம். ஒன்றோ இரண்டோ பெற்றால் போதும், அதில் ஒன்று கட்டாயம் பையனாக இருக்கட்டும் என்ற ஆசை இன்னொரு பக்கம். கணக்குப் போட்டது யார்? சீர் பேசும் திண்ணையில் உட்கார்ந்திருந்தது யார்?

ஆனால் அந்த வார்த்தையை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. இதில்தான் உங்கள் சாமர்த்தியம் இருந்தது. "கொன்னுரு" என்று வாய்விட்டுச் சொன்ன ஆண் ஊருக்கு ஒருவர் இருந்திருந்தால் அதிகம். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையைப் பார்க்காமல் இருந்தீர்கள். பெண் என்று சேதி வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனீர்கள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். "அவ அம்மா ஊட்லயே இருக்கட்டும்" என்று பொதுவாக ஒரு சொல் விட்டீர்கள். பிள்ளை பெற்ற உடம்போடு கிடந்தவளுக்கு அது முழுக்கப் புரிந்தது. மாமியாருக்கும் புரிந்தது. கள்ளிப்பாலா, எருக்கம்பாலா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். அது பெண்களுக்குள் நடந்தது. நீங்கள் திரும்பி வந்தபோது வீடு கழுவி விடப்பட்டிருந்தது.

எல்லா வீட்டிலும் ஆண்தான் முடிவெடுத்தான் என்று நான் சொல்லவில்லை. நாத்தனார் கல்யாணத்துக்கு அடகு போன தன் நகையை நினைத்து, "நான் பட்டது போதும், இது படவேண்டாம்" என்று தானே துணிந்த பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் "வேண்டாம், வளர்த்துக்கலாம்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் நின்றிருப்பாள். மேச்சேரிப் பக்கம் நாலு பெண்களை வரிசையாக வளர்த்துக் கட்டிக்கொடுத்த வீடுகள் அப்போதும் இருந்தன. அந்த வீட்டு ஆண்களை உங்களுக்குத் தெரியும். கூடத்தான் உட்கார்ந்து டீ குடித்தீர்கள்.

இப்போது அந்தப் பெண்களைப் பற்றி. முப்பது வருடமாக அவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கேயாவது, யாரிடமாவது, பாதியாகவாவது சொல்கிறார்கள். கருமாதி வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது செத்தவரை விட்டுவிட்டு வேறு ஏதோ ஒன்றுக்கு அழுகிறார்கள். மருமகளுக்குக் கரு தங்கவில்லை என்றால் அடுப்படியில் நின்று, "நான் செஞ்ச பாவம்" என்கிறார்கள். கோயிலில் அருள் வந்து ஆடுகிறவள், "என் வயித்துப் பிள்ளைக்கு என்னடி பதில்" என்று கேட்டால் இவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நடந்தது இன்ன மாசம் என்று அவர்களுக்கு இன்னும் தெரியும். அந்தக் காலத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற செவிலியர்களோடு உட்கார்ந்து பேசினால் தெரியும், எத்தனை பெண்கள் வேறு ஏதோ மருந்து கேட்க வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று.

நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. குற்றம் மனசை அரிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அரிப்பது தெரிகிறது. சாயங்காலம் நாமக்கல், ராசிபுரம் ரோடுகளில் பள்ளிக்கூடப் பஸ் வந்து நிற்கும் இடங்களில், வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பேத்திக்காகக் காத்திருக்கும் அப்பாருகளைப் பார்க்கிறேன். இறங்கினதும் புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்கிறீர்கள். கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறீர்கள். பெற்ற மகளைக்கூட இப்படித் தூக்கி வைத்துக்கொள்ளாத கை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் மனைவி வாசலில் நின்று இதைப் பார்க்கும்போது என்ன நினைப்பாள் என்று எப்போதாவது யோசித்தீர்களா?

1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தபோது நம் ஊர்க் கொட்டகைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெண் குழந்தை வேண்டாம் என்கிற தகப்பனாகப் பெரியார்தாசன் நடித்தார். கடைசியில் படுக்கையில் விழுகிறவனை, வேண்டாம் என்று நினைத்த பெண்ணின் கைதான் பார்த்துக்கொள்கிறது. அந்தப் படத்தில் தகப்பனுக்கு ஒரு முகம் இருந்தது. நம் ஊர்களில் அதுவும் இல்லை.

இது நம் ஊரோடு நின்ற கதையும் இல்லை. ஜப்பானில் பழைய காலத்தில் விவசாயக் குடும்பங்கள் பிறந்த குழந்தையைக் கொல்வது பல பகுதிகளில் வழக்கமாக இருந்தது. நாட்டாரியல் அறிஞர் யானகிட்டா குனியோ, 1880களில் சிறுவனாக இருந்தபோது தோனே ஆற்றங்கரையில் தொகுமான்ஜி என்ற கோயிலில் ஒரு நேர்ச்சைப் பலகையைப் பார்த்ததைப் பிற்பாடு எழுதினார். அதில் ஓர் ஓவியம். பிரசவித்த பெண் ஒருத்தி பச்சைக் குழந்தையை அமுக்குகிறாள். திரையில் விழும் அவள் நிழலுக்குக் கொம்பு முளைத்திருக்கிறது. பக்கத்தில் ஜிஸோ என்ற குழந்தைகளின் காவல் தெய்வம் நின்று அழுகிறது. அந்தப் படத்திலும் புருஷன் இல்லை. அவனும் எங்கோ வெளியே போயிருந்தான் போல.

பாவம் போக வழி நம்மிடம் நிறைய உண்டு. ராமேஸ்வரத்தில் முழுகுவீர்கள். மொட்டை போடுவீர்கள். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி ஊருக்குச் சோறு போடுவீர்கள். திருச்செங்கோட்டு மலைப் படியேறி, பாதி உடம்பு பெண்ணாக நிற்கிற சாமியைக் கும்பிட்டுவிட்டு வருவீர்கள் (அந்தச் சந்நிதியில் நிற்கும்போது உங்களுக்குக் கொஞ்சமாவது கூசாதா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்). இதையெல்லாம் நான் குறைத்துப் பேசவில்லை. கும்பிட்டு அழுதால் நெஞ்சு லேசாவது உண்மைதான். ஆனால் அங்கே இறங்குவது உங்கள் பாரம் மட்டும். அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மடியில் பிரசாதப் பையோடு வருகிறாளே, அவள் பாரம் அப்படியே இருக்கிறது. "நான்தான் செய்தேன்" என்று அவள் முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பங்கு உங்களுடையது. அதை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளச் சாமியால் முடியாது. உங்களால்தான் முடியும்.

காந்தி சிறுவனாக இருந்தபோது அண்ணனின் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்துக் கடன் அடைத்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்புறம் அதை ஒரு சீட்டில் எழுதி, நோயில் கிடந்த அப்பாவின் கையிலேயே கொடுத்தார். தண்டனையும் கேட்டார். அப்பா படித்துக் கண்ணீர் விட்டுச் சீட்டைக் கிழித்துப்போட்டார். அந்தப் பையன் ராஜ்கோட்டில் எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கலாம். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவரிடம் போனான் என்பதால்தான் அந்தக் கதை இன்றும் நிற்கிறது. உங்கள் விஷயத்தில் முதலில் தெரியவேண்டிய ஆள் உயிரோடு இல்லை. அதற்கு அடுத்த ஆள் இருக்கிறாள். அவளுக்கும் முட்டிவலி வந்துவிட்டது. எத்தனை நாள் இருப்பாள் என்று சொல்ல முடியாது.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொலைக்குச் சட்டத்தில் காலவரம்பு கிடையாது. எத்தனை வருடம் போனாலும் வழக்கு வழக்குதான். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு, 1995-ல் சட்டம் போட்டு உண்மை அறியும் ஆணையம் ஒன்றை வைத்தார்கள். டெஸ்மண்ட் டுட்டு தலைமை தாங்கினார். செய்ததை முழுசாக ஒப்புக்கொண்டால் பொதுமன்னிப்புக்கு வழி இருந்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை, வரும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. ஸ்டேஷனுக்குப் போவதும் போகாததும் உங்கள் மனசாட்சி. நான் சொல்வது வீட்டுக்குள் நடக்கவேண்டிய பேச்சை.

என்ன சொல்வது? நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. "அன்னிக்கு நான் பாக்க வராம இருந்தனே, அது வேணும்னுதான். நீ என்ன பண்ணுவேன்னு தெரிஞ்சுதான் போனேன். முடிவு என்னுது. உம்மேல போட்டுட்டேன்." இவ்வளவு போதும். "எங்கப்பன் சொன்னாரு", "ஊரே அப்படித்தான இருந்துச்சு", "நகை போட வக்கு ஏது" என்று ஆரம்பித்தால் அது மறுபடியும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவதுதான். அதே மூச்சில் "மன்னிச்சிரு" என்றும் கேட்காதீர்கள். கேட்டால் அவள் உடனே, "போனது போச்சு, விடுங்க" என்பாள். வாழ்நாள் முழுக்க உங்களைச் சமாதானப்படுத்திப் பழகியவள், இதிலும் அதைத்தான் செய்வாள். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவள் பேசாமல் எழுந்து போகலாம். வையலாம், ரெண்டு நாள் சோறு போடாமல் இருக்கலாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

மனைவி இல்லாதவர்கள் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். முப்பத்தெட்டு வயதிலும் பெண் கிடைக்காமல், தரகருக்குக் காசு கொடுத்து, பாலக்காட்டுப் பக்கம் பெண் பார்க்கப் போய் வருகிறானே, அவனிடம். பெருமாள்முருகன் 'கங்கணம்' என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார், இந்தப் பக்கத்து முதிர்ந்த மாப்பிள்ளையைப் பற்றி. "இப்பத்த புள்ளைங்க ரொம்பக் கண்டிசன் போடுதுங்க" என்று அவனுக்குச் சொல்லிவைத்திருக்கிறீர்கள். அவன் கட்டியிருக்க வேண்டிய முறைப்பெண்கள் எங்கே போனார்கள் என்று அவனுக்குத் தெரியட்டும். நாளைக்கு அவனுக்குப் பெண் பிறந்தால் ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக ஓடுவான்.

தொட்டிலில் போட்டவர்களுக்குத் தனியாக ஒன்று. விடியும் முன்னே துணியில் சுற்றி எடுத்துப்போய் ஆஸ்பத்திரித் தொட்டிலில் வைத்துவிட்டு வந்ததை, கொன்றதற்குச் சமமாக நினைத்துக் குமைகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது வயது ஓடலாம். எங்கேயோ ஒரு வீட்டில், ஒருவேளை கடல் தாண்டி, நன்றாக இருக்கலாம். தத்துப் போன பிள்ளைகள் வளர்ந்த பிறகு தங்கள் வேரைத் தேட விதிகளில் இடம் இருக்கிறது. தேடி ஒரு நாள் ஆள் வந்தால், "அப்படி யாரும் இல்லீங்க" என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். அவள் காடு கேட்டு வரவில்லை, நகை கேட்டும் வரவில்லை.

கடைசியாக, உயிரோடு விடப்பட்ட உங்கள் பெண்களைப் பற்றி. நானும் இந்தப் பக்கத்தில் மூன்றாவதாகப் பிறந்தவள்தான். எங்களில் சிலரிடம் சில அப்பாக்கள், குடித்த ராத்திரியிலோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலோ, சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறீர்கள்: "அப்பா மேல கோவமாம்மா?" இல்லை என்று சொல்லித்தான் போர்வையை இழுத்து மூடியிருக்கிறோம். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள், அப்பா. எங்களுக்கு நடந்ததற்கு வேண்டுமானால் நாங்கள் மன்னிக்கலாம். தங்கச்சிக்கு நடந்ததை மன்னிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்